இரவு இரண்டு மணிக்கு முன்னால் நடப்பவை

கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்கள் யாரும் விரும்பாத வேலை ஒன்று உண்டு. காப்பியடித்ததாகச் சந்தேகிக்கப்படும் மாணவரை எதிரே உட்காரவைத்து, "இது நீங்கள் எழுதியதுதானா?" என்று கேட்கும் விசாரணைக் குழுவில் உறுப்பினராக இருப்பது. நான் பல ஆண்டுகள் அப்படி இருந்திருக்கிறேன். அங்கே வந்தவர்களில் திட்டம் போட்டு ஏமாற்றியவர்கள் மிகக் குறைவு. மற்றவர்கள் சொன்னதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கதை. காலையில் சமர்ப்பிக்க வேண்டும், இரவு இரண்டு மணி, திரையில் ஒரு வரிகூட இல்லை, தோழி எழுதிய ஃபைல் கைபேசியில் இருந்தது. அவ்வளவுதான்.

குழுவின் கேள்விகளும் அந்த இரவையே சுற்றிவரும். ஃபைலை யார் கொடுத்தார்கள், எத்தனை பத்தி எடுத்தீர்கள், கொடுத்தவருக்கு நீங்கள் இப்படிச் செய்யப்போவது தெரியுமா. கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் என் மனம் அதில் நிற்பதில்லை. இரண்டு மணிக்குள் மற்ற வழிகளெல்லாம் ஒவ்வொன்றாக அடைபட்டுவிட்டன. அவை எப்போது அடைபட்டன, ஏன் அந்த மாணவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை என்பதைத்தான் நான் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். கல்லூரிகள் நேர்மையைப் பற்றி நிறையப் பேசுகின்றன. தொடக்க நாளில் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துகூட வாங்குகின்றன. இந்தப் பகுதியை மட்டும் விட்டுவிடுகின்றன.

"இந்தப் பாடம் எப்போதிலிருந்து கஷ்டமாக இருந்தது?" என்று பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போனால், பெரும்பாலும் செமஸ்டரின் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் போய் நிற்கும். ஒரு வகுப்பில் ஏதோ ஒன்று புரியவில்லை. பள்ளியில் என்றால் நோட்டைத் திருத்தும்போதே அது வெளியே தெரிந்துவிடும். கல்லூரியில் புரியாமை ஒரு மாதம்கூட யார் கண்ணிலும் படாமல் இருக்கலாம். கை தூக்கிக் கேட்கலாம்தான். ஆனால் சுற்றிலும் எல்லோரும் தலையாட்டிக்கொண்டே குறிப்பெடுக்கிறார்கள். நமக்கு மட்டும்தான் புரியவில்லை போலிருக்கிறது என்று தோன்றும். (பக்கத்தில் இருப்பவரும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறார். முன்னால் நின்று அத்தனை முகங்களையும் பார்க்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.) அடுத்த வகுப்பு, புரியாமல் விட்ட அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கடுத்த வகுப்புக்குப் போகவே மனம் வருவதில்லை.

சிலருக்கு இது இன்னும் கடினம். வீட்டில் பேசுவது ஒரு மொழி, பாடப்புத்தகம் வேறு மொழி என்று இருப்பவர்கள், புரியாதது பாடமா மொழியா என்றே பிரித்தறிய முடியாமல் தவிப்பார்கள். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவருக்கு, ஆசிரியரின் அறைக்கு நேரில் போய்ச் சந்தேகம் கேட்கலாம் என்பதைச் சொல்லிக்கொடுக்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள். மாலையில் வேலைக்குப் போகிறவருக்குக் குழுவாக உட்கார்ந்து படிக்கும் நேரமே கிடைக்காது. இவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. விசாரணை அறையில் "இவனுக்கு உழைக்க மனமில்லை" என்று எளிதாகச் சொல்லிவிடுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

உழைத்தும் பலன் கிடைக்காமல் போனவர்கள் இன்னொரு வகை. பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து, முக்கிய வரிகளுக்கெல்லாம் வண்ணம் தீட்டி, முதல் தேர்வில் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்கள். 2006-ல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த சோதனை இதை நன்றாக விளக்குகிறது. மாணவர்களுக்கு ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு தரப்பினர் அதையே மறுபடி படித்தார்கள். மற்றவர்கள் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, மறுபடி படித்தவர்களுக்கு 42 சதவீதம்தான். திரும்பப் படிக்கும்போது எல்லாம் தெரிந்தது போன்ற ஒரு தெம்பு வருகிறது. தேர்வு அறையில் அது கைவிட்டுவிடுகிறது. பதினேழு, பதினெட்டு வயதில் ஒருவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ளும் பாடம் என்ன? "நான் படித்தாலும் வராது" என்பதுதான். அப்படி ஒருமுறை நம்பிவிட்டால், நண்பரின் ஃபைல் மட்டும்தான் மிச்சம்.

இதோடு சேர்ந்துகொள்வது "எல்லோரும்தான் செய்கிறார்கள்" என்ற எண்ணம். இது இன்றைய தலைமுறையின் நோய் என்று நினைக்கிறவர்கள் 1964-ஐப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு வில்லியம் பவர்ஸ் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் 99 கல்லூரிகளில் 5,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் எடுத்த ஆய்வு வெளிவந்தது. நான்கில் மூன்று பங்கினர் ஏதோ ஒரு வகையில் ஏமாற்றியதாகச் சொன்னார்கள். அப்போது இணையம் கிடையாது. முப்பது ஆண்டுகள் கழித்து இதே பொருள் பற்றி டொனால்ட் மெக்கேப், லிண்டா ட்ரெவினோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 31 கல்லூரிகளில் ஆய்வு செய்து 1993-ல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு மாணவர் ஏமாற்றுவாரா என்பதோடு மிக நெருக்கமாகப் பொருந்திப்போனது சக மாணவர்களின் நடத்தை பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்பதுதான். தண்டனை எவ்வளவு கடுமை என்பது அதற்குப் பின்னால்தான் வந்தது. விடுதி அறையில் "யார்தான் சொந்தமாக எழுதுகிறார்கள்" என்று பேச்சுவாக்கில் சொல்லப்படும் ஒரு வாக்கியத்துக்கு இவ்வளவு பலம் இருக்கிறது. சொந்தமாக எழுதிக்கொண்டிருப்பவர்கள் அதைச் சத்தமாகச் சொல்வதில்லை என்பதும் ஒரு காரணம்.

சரி, காப்பி என்று எழுதப்படுபவை எல்லாம் உண்மையில் காப்பிதானா? இங்கேதான் நான் சக ஆசிரியர்களோடு அதிகம் வாதாடியிருக்கிறேன். மாணவர் ஒரு கட்டுரையைத் திறந்து வைத்துக்கொள்கிறார். ஒரு வரியை எடுக்கிறார், இரண்டு சொற்களை மாற்றுகிறார், வாக்கியத்தின் முன்பகுதியைப் பின்னால் போடுகிறார், அடுத்த வரிக்குப் போகிறார். ரெபெக்கா மூர் ஹோவர்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1990-களில் இந்த ஒட்டுப்போட்ட எழுத்தைப் பற்றி விரிவாக எழுதினார். புதிய துறைக்குள் நுழைகிறவர், அதன் மொழி இன்னும் கைவராத நிலையில் எழுதும்போது இயல்பாக நடப்பது இது, திருட்டு என்று ஒதுக்காமல் கற்றலின் ஒரு கட்டமாகப் பார்க்க வேண்டும் என்றார். நான் முழுமையாக ஒத்துப்போகிறேன். அந்த மாணவர் பொருளை உள்வாங்கவில்லை, அதனால் சொற்களைப் பிடித்துக்கொள்கிறார். அவருக்குத் தேவை, உட்கார்ந்து சொல்லித்தர ஒரு ஆள்.

சொல்லித்தர வேண்டியதும் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பத்தியைப் படியுங்கள், மூடிவையுங்கள், எதிரே உட்கார்ந்திருக்கும் நண்பருக்கு அதில் என்ன இருக்கிறது என்று வாயால் சொல்லுங்கள், சொன்னதை எழுதுங்கள். சொல்ல வரவில்லையென்றால் புரியவில்லை என்று அர்த்தம், மறுபடி திறந்து படியுங்கள். எழுதி முடித்ததும் மூலத்தோடு ஒப்பிட்டு, தகவல் சரியா என்று பார்த்து, எங்கிருந்து எடுத்தது என்று அங்கேயே குறித்துவிடுங்கள். குறிப்பெடுக்கும்போது அப்படியே எடுத்த வரியை மேற்கோள் குறிக்குள் போட்டுப் பக்க எண் எழுதும் பழக்கம் வந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இரண்டு மாதம் கழித்து நோட்டைத் திறக்கும்போது எது உங்கள் வாக்கியம், எது புத்தகத்தினுடையது என்று உங்களுக்கே நினைவிருக்காது. தெரியாமல் நடந்த காப்பி என்று என் முன்னால் வந்தவற்றில் பல இப்படி நடந்தவைதான்.

மாணவரின் கட்டுரையை மற்ற எழுத்துகளோடு ஒப்பிடும் மென்பொருள் தரும் ஒப்புமை அறிக்கையில் வரும் சதவீதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மென்பொருள் சொல்வது, இந்தச் சொற்கள் வேறு இடத்திலும் இருக்கின்றன என்பதை மட்டும்தான். முறையாக மேற்கோள் காட்டிய பகுதியையும் அது எண்ணிவிடும், நூற்பட்டியலையும் எண்ணிவிடும். இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் கொண்டுவந்த விதிமுறை 10 சதவீதம் வரை சிறு ஒப்புமை, அதற்கு மேல் 40, 60 என்று படிநிலைகள் வகுத்திருக்கிறது. ஆனால் மேற்கோள் காட்டியவை, நூற்பட்டியல், பொதுச் சொற்கள், தற்செயலாக ஒத்துப்போகும் தொடர்கள் ஆகியவற்றைக் கழித்துவிட்டுத்தான் கணக்கிட வேண்டும் என்றும் அதே விதிமுறை சொல்கிறது. சிவப்பில் தெரியும் எண்ணைக் குறைப்பதற்காகச் சொற்களை மாற்றி மாற்றிப் போடுவதில் மாணவர்கள் செலவிடும் மணிநேரங்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. ஒருவருடைய கருத்தை மூலம் சொல்லாமல் முழுக்க வேறு சொற்களில் எழுதினாலும் அது கருத்துத் திருட்டுதான். அறிக்கையில் பூஜ்யம் வரும், அவ்வளவே.

சேர்ந்து படிப்பதற்கும் சேர்ந்து காப்பியடிப்பதற்கும் நடுவில் உள்ள கோடு எங்கே என்பது பலருக்கும் உண்மையாகவே தெரிவதில்லை. 2012-ல் ஹார்வர்டில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க நாடாளுமன்றம் பற்றிய ஓர் அறிமுகப் பாடத்துக்கு வீட்டில் இருந்தே எழுதும் இறுதித் தேர்வு. புத்தகம், குறிப்பு, இணையம் எதையும் பார்க்கலாம், ஆனால் மற்றவர்களோடு தேர்வைப் பற்றிப் பேசக்கூடாது. சுமார் 125 பேரின் விடைத்தாள்கள் ஒன்றோடொன்று ஒத்திருப்பதாகச் சந்தேகம் எழுந்தது. விசாரணையின் முடிவில் சுமார் 70 பேர் சில காலம் பல்கலைக்கழகத்தை விட்டு விலகி இருக்க வேண்டியதாயிற்று. விதி எழுத்தில் இருந்தது. ஆனாலும் செமஸ்டர் முழுக்க குறிப்புகளைப் பகிர்ந்து, ஒன்றாகவே படித்து வந்தவர்களுக்கு அந்தத் தேர்வுக்கு மட்டும் எல்லாம் மாறிவிடுகிறது என்பது உறைக்கவில்லை. உங்கள் பாடத்தில் எது அனுமதி, எது இல்லை என்று ஆசிரியர் தெளிவாகச் சொல்லவில்லையென்றால், வேலையைத் தொடங்கும் முன்பே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். பதில் எழுத்தில் இருக்கும். அது உங்களைக் காப்பாற்றும்.

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வந்த பிறகு தோழியின் ஃபைலும் தேவையில்லாமல் போய்விட்டது. கேட்டதும் பக்கம் நிறைகிறது. இதைப் பற்றி எனக்கு இரண்டு கவலைகள் உண்டு, இரண்டும் எதிரெதிர்த் திசையில் இருப்பவை.

முதலாவது, தவறாகக் குற்றம் சாட்டப்படுகிறவர்கள். இது இயந்திரம் எழுதியதா என்று கண்டுபிடிக்கும் கருவிகளை நம்பிக் கல்லூரிகள் தண்டனை கொடுக்கின்றன. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒரு கருவியை வெளியிட்டது. அந்த நிறுவனத்தின் சொந்தச் சோதனையிலேயே இயந்திர எழுத்தில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகக் காட்டியது, மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை இயந்திரத்துடையது என்றது. துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியது என்று அவை சொல்லின. எளிய சொற்களில், நேரான வாக்கியங்களில் எழுதியதுதான் காரணம். இரண்டாம் மொழியில் கஷ்டப்பட்டு எழுதிய ஒருவரிடம் "இதை நீ எழுதவில்லை" என்று சொல்வதைவிடக் கொடுமையான ஒன்றை ஒரு கல்லூரி செய்ய முடியுமா என்று தெரியவில்லை. அப்படி நேர்ந்தால் கலங்கிப்போகாதீர்கள். உங்கள் வரைவுகளை அழிக்காமல் வைத்திருங்கள், ஆவணத்தின் மாற்ற வரலாற்றைக் காட்டுங்கள், "எதிரே உட்கார்ந்து விளக்குகிறேன், கேளுங்கள்" என்று சொல்லுங்கள். எழுதியவரால் விளக்க முடியும். விசாரணைக் குழுவில் நான் எப்போதும் நம்பியது கருவியை அல்ல, அந்த உரையாடலைத்தான்.

இரண்டாவது கவலை, உண்மையிலேயே அதை வைத்து எழுதி வாங்கிக்கொள்கிறவர்களைப் பற்றியது. புரியாத ஒரு கருத்தை வேறு விதமாக விளக்கச் சொல்லிக் கேட்பதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை, பாடத்தின் விதி அனுமதித்தால். ஆனால் எழுதுவதையே ஒப்படைத்துவிட்டால், மூன்றாவது வாரத்தில் புரியாமல் போனது கடைசி வரை புரியாமலே இருக்கும். மதிப்பெண் வந்துவிடும், அதனால் யாருக்கும் தெரியவும் தெரியாது. பட்டம் வாங்கிய பிறகும் இது தொடர்கிறது. 2023-ல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிய தீர்ப்புகளை மேற்கோள் காட்டி நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்தார்கள். அப்படிப்பட்ட வழக்குகளே இல்லை. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். மூலத்தைத் திறந்து படித்திருந்தால் சில நிமிடங்களில் தெரிந்திருக்கும். கல்லூரி அசைன்மென்டில் நாம் பழகிக்கொள்வது அதைத்தான்.

காசு கொடுத்து எழுதி வாங்குவதைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து போன்ற நாடுகள் அந்த வியாபாரத்தைச் சட்டப்படி குற்றமாக்கிவிட்டன. மாணவர்கள் அறிய வேண்டிய ஒன்று மட்டும் சொல்கிறேன். எழுதிக்கொடுத்தவரிடம் உங்கள் பெயர், கல்லூரி, பாடம் எல்லாம் இருக்கிறது. பணம் தராவிட்டால் கல்லூரிக்குத் தகவல் சொல்லிவிடுவேன் என்று பின்னால் மிரட்டுவது அந்தத் தொழிலில் நடக்கிறது. அந்த மிரட்டல் வந்த பிறகும் வெளியே சொல்ல முடியாமல் தவிக்கும் நிலைக்கு யாரும் போய்விடக்கூடாது. போய்விட்டிருந்தால் இன்றே நம்பிக்கையான ஒரு ஆசிரியரிடமோ கல்லூரி ஆலோசகரிடமோ சொல்லுங்கள். சொன்னால் வரும் விளைவு, தொடர்ந்து பணம் கொடுத்துக்கொண்டிருப்பதைவிடச் சிறியது.

பின்னாளில் மாட்டிக்கொண்ட பெரிய மனிதர்களின் கதைகளைச் சொல்லி மாணவர்களைப் பயமுறுத்துவது ஒரு வழக்கம். ஜெர்மனியின் பாதுகாப்பு அமைச்சராக இருந்த குட்டன்பெர்க் 2011-ல் முனைவர் பட்டம் பறிபோய்ப் பதவி விலகினார். அங்கேயே கல்வி அமைச்சராக இருந்த அனெட் ஷவான் 1980-ல் வாங்கிய பட்டத்தை 2013-ல் இழந்து, பதவியையும் விட்டார். உண்மைதான். ஆனால் இரவு இரண்டு மணிக்குத் திரையின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு முப்பது ஆண்டுகள் கழித்து வரப்போகும் அவமானம் ஒரு பொருட்டே இல்லை. காலை ஒன்பது மணிதான் அவருடைய பயம். அந்தப் பயத்துக்கு நேர்மையான ஒரு வழி இருந்தாக வேண்டும், அது அவருக்குத் தெரிந்தும் இருக்க வேண்டும்.

வழி இருக்கிறது. "மேடம், நாளை தர வேண்டிய அசைன்மென்டை என்னால் முடிக்க இயலவில்லை. இரண்டாவது பகுதியில் எனக்கு அடிப்படையே புரியவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. முதல் பகுதியை இணைத்திருக்கிறேன். நேரில் வந்து கேட்க நேரம் தர முடியுமா?" இவ்வளவுதான். சாக்கு வேண்டாம், பாட்டியைக் கொல்ல வேண்டாம். மதிப்பெண் குறையலாம், சில பாடங்களில் பூஜ்யம்கூட வரலாம். ஆனால் ஒரு அசைன்மென்டின் பூஜ்யத்தை அடுத்த மாதமே ஈடுகட்டலாம். விசாரணைக் கடிதம் அப்படியல்ல. இந்த மின்னஞ்சலை இரண்டு மணிக்கு அனுப்பினாலும் தாமதமில்லை, நான்கு நாள் முன்னால் அனுப்பினால் இன்னும் நல்லது. சர்வதேசக் கல்வி நேர்மை மையம் வகுத்த அடிப்படை விழுமியங்களில் 1999-ல் நேர்மை, நம்பிக்கை, நியாயம், மரியாதை, பொறுப்பு என்று ஐந்துதான் இருந்தன. 2014-ல் ஆறாவதாகத் தைரியத்தைச் சேர்த்தார்கள். "எனக்குப் புரியவில்லை" என்று எழுதி அனுப்பும் பொத்தானை அழுத்த எவ்வளவு தைரியம் வேண்டும் என்று அப்படி எழுதிய மாணவர்களிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். கை நடுங்கியது என்று சொன்னவர்கள் உண்டு.

அந்த நடுக்கத்தைக் குறைப்பது ஆசிரியர்களின் வேலை. தண்டனையை மட்டும் நம்பிய காலம் நீண்டது. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 1842-ல் தொடங்கிய, ஏமாற்றவில்லை என்று மாணவர்கள் உறுதியளிக்கும் நேர்மை முறையில், குற்றம் உறுதியானால் நெடுங்காலம் ஒரே தண்டனை, நிரந்தர வெளியேற்றம். 2022-ல் மாணவர்களே வாக்களித்து அதை மாற்றினார்கள். விளைவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காக எழுதியவருக்கு அது அநியாயம். ஆனால் முதல்முறை ஒட்டுப்போட்டு எழுதிய முதலாண்டு மாணவரையும் காசு கொடுத்து வாங்கியவரையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வருவதில்லை.

என் பாடத்தில் இப்போது பெரிய அசைன்மென்டை ஒரே நாளில் வாங்குவதில்லை. முதலில் ஒரு பக்கச் சுருக்கம், பிறகு கரட்டு வரைவு, அப்புறம்தான் முழுக்கட்டுரை. எந்தக் காரணமும் சொல்லாமல் எடுத்துக்கொள்ள ஒவ்வொருவருக்கும் செமஸ்டருக்கு இரண்டு நாள் தாமதம் அனுமதி. இதைத் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்று சிலர் எச்சரித்தார்கள். நான் பார்த்தவரை, அந்த இரண்டு நாளை எடுத்துக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் சந்தேகம் கேட்கத்தான் வருகிறார்கள். ஒரு பக்கச் சுருக்கத்தைப் படித்தாலே யார் எங்கே நின்றுவிட்டார்கள் என்று எனக்கும் தெரிந்துவிடுகிறது. மூன்றாவது வாரத்துப் பாடத்தில்தான் அதிகம் பேர் நிற்கிறார்கள் என்பதையும் அப்படித்தான் கண்டுகொண்டேன். இப்போது அந்தப் பாடத்துக்கு இரண்டு வகுப்புகள் ஒதுக்கியிருக்கிறேன். இரண்டாவது வகுப்பில் நான் எதையும் நடத்துவதில்லை, அவர்கள் எழுதிக் கொடுத்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.